கழுத்தை இறுக்காமல் மாட்டைச் சாய்ப்பது எப்படி

பொள்ளாச்சி சந்தையில் வாங்கிய மாடு கோபாலபுரம் தாண்டிப் பாலக்காட்டுக்குப் போகும்வரை பலர் கை பட்டு வரும். குளம்பு சீவ, லாடம் அடிக்க, புண்ணுக்கு மருந்து போட அதைப் படுக்க வைக்க வேண்டிவரும். காலைத் தட்டி, வாலை முறுக்கித் தள்ளிவிடுவதில்தான் தொடை எலும்பும் கொம்பும் உடைகின்றன. ஒரு கயிறும் மூன்று ஆட்களும் இருந்தால் போதும்.

பருத்திக் கயிறு, விரல் பருமனுக்குக் குறையாமல், 40 அடி நீளம். நம் ஊரில் நார்க்கயிறு மலிவுதான், ஆனால் அது தோலைச் சிராய்க்கும். மெல்லிய நைலான் அதைவிட மோசம், வழுக்கி ஓடும்போது தோலையும் உங்கள் உள்ளங்கையையும் சுட்டுவிடும்.

முந்தைய நாள் இரவே தீவனத்தை நிறுத்துங்கள், 12 மணி நேரம் வயிறு காலியாகட்டும். நிறைந்த இரைப்பையோடு சாய்த்தால் வாயு ஏறி மூச்சு முட்டும். சினை முற்றிய மாட்டை இப்படிச் சாய்க்கவே கூடாது. தோப்பில் இடம் பார்க்கும்போது மட்டைக் கட்டையும் கல்லும் இல்லாத மணல் தரையாகப் பாருங்கள், இல்லாவிட்டால் வைக்கோல் பரப்புங்கள்.

தலைக்கயிற்றைத் தென்னையின் அடியில், தரைக்கு நெருக்கமாகக் கட்டுங்கள். மூக்கணாங்கயிற்றை இதற்குத் தொடவே வேண்டாம். நீளக்கயிற்றின் ஒரு முனையைக் கழுத்தின் அடியில் சுற்றி, இறுகாத முடிச்சுப் போடுங்கள்: நீளப்பக்கத்தில் சின்னக் கண்ணி, முனை அதற்குள் கீழிருந்து ஏறி, நீளக்கயிற்றின் பின்னால் சுற்றி, அதே கண்ணிக்குள் இறங்க வேண்டும். இழுத்துப் பாருங்கள், வளையம் சிறிதாகிறதென்றால் நீங்கள் போட்டது உருவாஞ்சுருக்கு. அவிழ்த்துவிட்டு மறுபடி போடுங்கள். உள்ளங்கை நுழையும் தளர்வு இருக்கட்டும்.

அங்கிருந்து கயிறு முதுகோடு வந்து, முன்னங்காலுக்குப் பின்னால் மார்பை ஒருமுறை சுற்றித் தன்மேலேயே மாட்டிக்கொள்ள வேண்டும். அடுத்த சுற்று இடுப்பு எலும்புக்கு முன்னால். பசுவுக்கு மடிக்கும் அடிவயிற்றில் ஓடும் பால் நரம்புக்கும் மேல் கயிறு விழாமல் பாருங்கள். காளைக்குக் குறி மாட்டாமல் பாருங்கள். பெரும்பாலும் தப்பு நடப்பது இந்த இரண்டாவது சுற்றில்தான். மாடு வலப்பக்கமாகப் படுக்க வேண்டும் என்பதால் மாட்டுமிடங்கள் முதுகுத்தண்டுக்குச் சற்று இடப்புறம் இருக்கட்டும். இரைப்பை இடப்பக்கம் இருக்கிறது, அது மேலே இருந்தால்தான் அழுத்தம் குறையும்.

இரண்டு பேர் பின்னால் நின்று நேராக, நிதானமாக இழுங்கள். வெட்டி இழுத்தால் மாடு முன்னால் பாயும். அழுத்தம் ஏறினால் முழங்கால் மடிந்து தானே உட்காரும். தலைப்பக்கம் நிற்கும் மூன்றாவது ஆள் உடனே கழுத்தை நீட்டித் தரையோடு பிடித்து, கண்ணுக்குக் கீழே வைக்கோல் திணித்த சாக்கை வைக்க வேண்டும். எச்சில் வெளியே வடியும்படி வாய் தாழ்ந்திருக்கட்டும். காலைக் கட்டினால் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகக் கட்டுங்கள்.

கால் மணி நேரத்துக்குள் வேலையை முடியுங்கள். இடது விலாக்குழி உப்பினாலோ நாக்கு நீலம் பாய்ந்தாலோ பாதி வேலையென்று பார்க்காமல் கயிற்றைத் தளர்த்தி மார்பின்மேல் உட்கார வையுங்கள். எழுப்பும்போது முதலில் கால்கட்டு, பிறகு இடுப்புச் சுற்று, கடைசியில் தலைக்கயிறு. மாடு பின்பக்கத்தை முதலில் தூக்கும், அதற்குத் தலையை முன்னால் வீச இடம் வேண்டும். முன்னால் நிற்காதீர்கள்.

திமிறி ஓடும் கன்றைப் பிடிக்கும்போதும் ஆபத்து வெட்டி இழுப்பதில்தான். அமெரிக்கப் பண்ணைகளில் குதிரைமேலிருந்து கயிறு வீசுவோர் பலர் கயிற்றின் முனையைச் சேணத்தின் முன்புறம் துருத்தி நிற்கும் கொம்பில் முடிச்சிடாமல் சுற்றிப் பிடித்து, மெல்ல நழுவவிட்டு நிறுத்துவார்கள். ரோடியோ என்ற அவர்களது மேய்ப்பர் விளையாட்டில் நடக்கும் கன்றுபிடிப் போட்டியில் முனை கொம்பிலேயே கட்டப்பட்டிருக்கும், ஓடும் கன்றின் வேகம் முழுவதும் கழுத்தில் விழும். பிரேக்அவே என்ற வகையில் மட்டும் கயிற்றைக் கொம்போடு கட்டிய மெல்லிய நூல் அறுந்து கயிறு விடுபட்டுவிடும். நமக்குக் குதிரை இல்லை, தென்னை இருக்கிறது. மரத்தில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, முடிச்சிடாமல் நழுவவிடுங்கள். சுற்றுக்கும் மரத்துக்கும் நடுவே கட்டைவிரல் போகவே கூடாது. சேணக் கொம்பில் விரலை இழந்தவர்கள் அங்கே நிறையப் பேர். கன்று நின்றதும் கழுத்துச் சுருக்கைக் கழற்றித் தலைக்கயிறு மாட்டுங்கள்.

லாரியில் ஏற்றும்போது 1978 ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிப்படி ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் கூடாது. கம்பியில் கட்டுவது தலைக்கயிற்றை மட்டும், தலை தாழ்த்தும் அளவு நீளம் விட்டு. மூக்கணாங்கயிற்றைக் கட்டினால் முதல் பிரேக்கிலேயே மூக்கு கிழியும்.