திக்கித் திக்கி ஓடிய டிவிடி டிரைவ்: சரிசெய்த விதம்

அம்மாவின் பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் எக்ஸ்பி. அதன் டிவிடி டிரைவில் அக்காவின் கல்யாண வட்டைப் போட்டால் படம் திக்கித் திக்கி ஓடியது. மௌஸ்கூட நகர மறுத்தது. லென்ஸ் துடைக்கும் வட்டைப் போட்டுப் பார்த்தேன். பட்டைக் கேபிளை மாற்றினேன். அப்புறம் சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் அலைந்து, பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய ஐடிஇ வகை டிரைவ் ஒன்றை வாங்கி மாட்டினேன். அதிலும் அதே திக்கல். சரி, கோளாறு டிரைவில் இல்லை.

கம்ப்யூட்டரின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில், டிரைவ் இணைந்திருக்கும் செகண்டரி ஐடிஇ சேனலைத் திறந்து அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பாருங்கள். மேலே ‘டிஎம்ஏ இஃப் அவைலபிள்’ என்று ஒழுங்காகத்தான் இருக்கும்; டிஎம்ஏ என்பது சிபியு-வை இடையில் இழுக்காமல் தரவை நேராக மெமரிக்கு அனுப்பும் வேகமான முறை. அதை நம்பிவிடக் கூடாது. கீழே ‘கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட்’ வரியில் எனக்கு ‘பிஐஓ’ என்றிருந்தது. கீறல் விழுந்த வட்டைப் படிக்கத் திணறி, டைம்-அவுட் (நேரத்துக்குள் பதில் வராத) பிழைகள் 6 சேர்ந்துவிட்டால் எக்ஸ்பி டிஎம்ஏ-வைக் கைவிட்டுப் படிப்படியாக பிஐஓ வரை இறங்கிவிடும். தானாக மேலே ஏறாது. பிஐஓ-வில் தரவு முழுக்க சிபியு கையால்தான் நகர வேண்டும். மௌஸ் நின்றது அதனால்தான்.

அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தேன். எக்ஸ்பியே அதை மறுபடி கண்டுபிடித்து, ‘அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2’ என்று காட்டியது. பெரிய நிம்மதி. பழைய டிரைவையே திரும்ப மாட்டிவிட்டேன், படம் தடங்கலில்லாமல் ஓடுகிறது.