புதுப்பெட்டையைப் பழைய கூட்டத்தில் சேர்ப்பது: முதலில் யார் என்ன குணம் என்று பாருங்கள்

ஐந்தாறு பெட்டைக்கோழிகள் இருக்கும் கூட்டில் புதிதாக இரண்டை விட்டால் சண்டை வரத்தான் செய்யும். இரத்தம் பார்க்காமல் அதை முடிக்கலாம். அதற்கு, ஏற்கெனவே இருக்கும் கோழி ஒவ்வொன்றின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். கூடு கட்டுவது, தடுப்பூசி போடுவது எல்லாம் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

1. கால் வளையம்

ஒரே நிறக் கோழிகளை நினைவில் பிரித்து வைக்க முடியாது. ஆளுக்கொரு நிறத்தில் பிளாஸ்டிக் சுருள் வளையம் போடுங்கள். கேபிள் டை வேண்டவே வேண்டாம்; வளரும் கோழிக்குக் கால் பருக்கப் பருக்க, அது சதைக்குள் இறங்கிவிடும். சுருள் வளையமும் தடையில்லாமல் சுழல்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

2. நான்கு நாள் கவனிப்பு

காலையில் கூடு திறந்ததும் கால் மணி நேரம், மாலையில் கம்பில் ஏறும்போது கால் மணி நேரம் போதும். ஒரு கைப்பிடி தானியத்தை ஒரே இடத்தில் கொட்டி, யார் வந்தால் யார் விலகுகிறார்கள் என்று குறியுங்கள். இதுதான் கொத்து வரிசை. நார்வேக்காரர் ஷெல்டெருப்-எப்பெ 1920களிலேயே எழுதி வைத்த விஷயம்.

வரிசை வேறு, குணம் வேறு. குணம் தெரிய, பழக்கமில்லாத பொருள் ஒன்றை, ஒரு வாளியைக் கவிழ்த்தாவது, நடுவில் வையுங்கள். முதலில் கிட்டே வந்து கொத்திப் பார்ப்பது துணிச்சல்காரி. அவளே வரிசையில் முதலாவதாக இருக்க வேண்டும் என்றில்லை.

புதியவற்றை விடாமல் துரத்துவது யார் என்றால், எல்லோரும் வரிசையின் முதலில் இருக்கும் தலைவியைத்தான் சந்தேகப்படுவார்கள். அவள் பெரும்பாலும் இரண்டு கொத்தோடு விட்டுவிடுவாள். வரிசையின் நடுவிலோ கடைசிக்கு முந்தியோ இருப்பவள்தான் மூலைக்கு மூலை துரத்துவாள். இடம் பறிபோகும் பயம் அவளுக்குத்தானே. அவளுடைய வளைய நிறத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

3. முப்பது நாள் ஒதுக்கம்

புதியவற்றை 30 நாள் முற்றிலும் தள்ளி வையுங்கள். பேன், செள், சளி எல்லாம் அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒற்றைக் கோழியாக வாங்காதீர்கள். அடி இரண்டு பேருக்குப் பிரிந்தால் இரண்டும் தாங்கும்.

4. வலைக்கு அந்தப் பக்கம்

ஒதுக்கம் முடிந்ததும், புதியவற்றைப் பழையவற்றின் பக்கத்திலேயே, நடுவில் வலை தடுத்து வையுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். மூன்று நாள் பார்த்துவிட்டு, ‘பழகிவிட்டது’ என்று திறந்துவிடுகிறார்கள். குறைந்தது பத்து நாள் வையுங்கள். வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. வலைக்குப் பதில் பஞ்சாரம், அதாவது கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை, உதவாது. இடுக்கில் தலையை நீட்டும் புதுக்கோழியின் கொண்டைதான் முதலில் கிழியும்.

தீவனத் தட்டுகளை வலையின் இரு பக்கமும் நேருக்கு நேர் வையுங்கள். முதலில் ஒரு முழம் தள்ளி. பிறகு தினம் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி. கழுத்து மயிர் சிலிர்க்காமல், தலை நிமிர்த்தி முறைக்காமல், இரண்டு பக்கமும் பக்கத்தில் நின்று தின்றால்தான் அடுத்த படி. முன்பு குறித்து வைத்த துரத்தல்காரி மட்டும் இன்னும் வலையில் மோதினால், மற்றவர்களை முதலில் சேருங்கள். அவள் நான்கு நாள் தனிக்கூண்டில், மற்றவர்கள் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். திரும்பி வரும்போது அவளும் பாதிப் புதியவள்தான்.

5. சேர்ப்பது

இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு திறந்தவெளியில் விடுங்கள். சண்டை நீள நேரமிருக்காது. தீவனத் தட்டு இரண்டு, தண்ணீர் இரண்டு, ஒளிந்துகொள்ளச் சாய்த்து வைத்த பலகை ஒன்று. கம்பில் கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் இடம் வேண்டும். இரவில் சத்தமில்லாமல் கம்பில் ஏற்றி வைத்தால் போதும் என்பார்கள். பழையவை விடிந்ததும் முகம் பார்த்துக் கண்டுபிடித்துவிடும். மறுநாள் வெளிச்சம் வரும் முன் நீங்கள் கூட்டருகே நிற்க வேண்டும்.

கொத்தும் துரத்தலும் பல நாள் இருக்கும், தலையிடாதீர்கள். இரத்தம் தெரிந்தால் மட்டும் காயம்பட்டவளை உடனே பிரித்து வையுங்கள். சிவப்பைக் கண்டால் சாதுவும் கொத்தும். காயமில்லாதபோது அடிபட்டவளைப் பிரிக்கக்கூடாது, திரும்பி வரும்போது இருந்த இடமும் போயிருக்கும். பிரித்தே ஆக வேண்டுமென்றால் அடித்தவளைப் பிரித்து வையுங்கள்.

பின்சேர்க்கை: இரண்டு சிக்கல்கள்

புதியவை 16 வாரத்துக்குள் இருந்தால், முட்டைக்கோழித் தீவனம் பொதுவில் வைக்காதீர்கள். அதில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும், இளசுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லோருக்கும் வளர்தீவனம் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்; தேவைப்படுபவை தின்றுகொள்ளும்.

சாதுவான கோழி திடீரென்று உப்பி, உறுமி, கையைக் கொத்தினால் குணம் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். அடைக்கு உட்கார்ந்திருக்கிறாள். அடை முடியும்வரை சேர்ப்பதை ஒத்திப்போடுங்கள். துணிச்சல்காரி மூலையில் ஒடுங்கி நின்றால் மட்டும் காத்திருக்காதீர்கள். எச்சத்தையும், கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையையும் அன்றே பாருங்கள்.