இருமல் இல்லாதவரின் ஸ்லைடைப் பார்க்கும் முறை

தருமபுரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். காய்ச்சல், இருமல் இல்லாதவரின் மூச்சுக்குழாய் செல்களிலும் வைரஸின் தடம் இருக்கலாம். செல்களைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாகப் பூசி ஸ்மியர் போட்ட கையோடு 95 சதவீத ஆல்கஹாலில் இறக்குங்கள். எங்கள் சித்திரை வெயிலில் நொடியில் காய்ந்துவிடும்; அப்புறம் செல்லின் நடுப்பகுதியான உட்கரு தெளிவாகத் தெரியாது.

செல்களை நிறம் பிரித்துக் காட்டும் பாப் சாயம் ஏற்றியதும், பிரஷ் போல மயிரிழை முளைத்த செல்களைத் தேடுங்கள். மயிரிழைக் கொத்து தனியாக, உட்கரு தனியாக அறுந்து கிடந்தால் அங்கேயே நின்று பாருங்கள், வைரஸின் தடமாக இருக்கலாம். பாப் சாயத்தை உருவாக்கிய மருத்துவர் பாபனிகோலோ 1956இல் விவரித்த சிதைவு இது. ஒரே செல்லில் பல உட்கருக்கள் நெருக்கியடித்து நின்றால் ஹெர்ப்பிஸ் வைரஸ் சந்தேகம். உட்கரு ஆந்தைக்கண் போலிருந்தால் சைட்டோமெகலோ வைரஸ் சந்தேகம்.

இப்படி மாறிய செல்கள் சில சமயம் புற்றுநோய் போலவே தோன்றும். அவசரப்பட்டு எழுதி ஒரு குடும்பத்தைக் கலங்கடிக்காதீர்கள். முதலில் நோயியல் மருத்துவரிடம் ஸ்லைடைக் காட்டுங்கள், வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை பற்றிக் கேளுங்கள்.