சிறுநீரகம் பொருந்தவும், பொருந்தியது நிலைக்கவும்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டில் டயாலிசிஸ் தொடங்கியதும், மாற்றுச் சிறுநீரகம் யார் தரலாம் என்று பார்க்க உறவினர்கள் முதலில் விசாரிப்பது ரத்த குரூப்பைத்தான். அது முதல் படி மட்டும். ஓ குரூப்காரர் எல்லோருக்கும் தரலாம், ஆனால் ஓ-விடம் மட்டுமே பெறலாம். பாசிட்டிவா நெகட்டிவா என்பது இங்கே கணக்கில் வராது.

அடுத்தது எச்.எல்.ஏ., அதாவது பெற்றோரிடமிருந்து வரும் திசு அடையாளம். கூடப் பிறந்தவரோடு முழுதாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு, பாதி பொருந்த 50, கொஞ்சமும் பொருந்தாமல் போக 25. தாய், தகப்பன், பிள்ளை என்றால் பாதியாவது பொருந்தும். இந்த எண்ணிக்கையைப் பார்த்து மனம் தளர வேண்டாம். பொருத்தம் குறைந்த மனைவியின் சிறுநீரகம், நன்கு பொருந்திய இறந்தவர் சிறுநீரகத்தைவிட நீடித்து உழைப்பதும் உண்டு.

உண்மையான தடை ஆன்டிபாடி, அதாவது அந்நியத் திசுவைத் தாக்க நோயாளியின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதம். கிராஸ்மேட்ச் சோதனையில் கொடுப்பவரின் வெள்ளணுக்களை நோயாளியின் சீரத்தோடு (அணுக்கள் நீக்கிய ரத்த நீர்) கலக்கிறார்கள். அணுக்கள் செத்தால் அந்தச் சிறுநீரகத்தை அப்படியே வைக்க முடியாது. இந்த ஆன்டிபாடி வரும் வழி மூன்று: ரத்தம் ஏற்றியது, கர்ப்பம், முன்பு செய்த மாற்று அறுவை. பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கணவனோ மகனோ தர முன்வரும்போது கிராஸ்மேட்ச் சில சமயம் பொருந்தாமல் போவது இதனால்தான். ஆகவே ரத்தசோகைக்கு ரத்தம் ஏற்றலாம் என்றால், இரும்புச்சத்தும், ரத்த அணுக்களை ஊறவைக்கும் எரித்ரோபாய்டின் ஊசியும் போதுமா என்று முதலில் கேளுங்கள். ஏற்றித்தான் ஆகவேண்டுமென்றால் மாற்று சிகிச்சை ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். சில வாரம் கழித்துப் புது சீரம் எடுக்க வேண்டும். பழைய சீரத்தை வைத்துப் பார்த்த முடிவு ஏமாற்றிவிடும்.

கொடுப்பவருக்குக் குளுக்கோஸ் டாலரன்ஸ் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். நம் குடும்பங்களில் சர்க்கரை ஒளிந்தே இருக்கும். உறவல்லாதவர் தருவதானால் தென்னாப்பிரிக்காவின் 2003 தேசிய சுகாதாரச் சட்டப்படி அமைச்சரின் அனுமதி வேண்டும். பணம் கைமாறினால் குற்றம்.

அறுவைக்குப் பின்னும் எதிரி அதே ஆன்டிபாடிதான். மாத்திரை அடிக்கடி தவறினால் வலியில்லாமல் புதிதாக முளைக்கும். 12 மணி நேரத்துக்கொரு முறை டாக்ரோலிமஸ் (உடல் புதுச் சிறுநீரகத்தை நிராகரிக்காமல் தடுக்கும் மருந்து) எடுப்பவர், காலை 8, இரவு 8 என்று வைத்துக்கொள்ளலாம். மருந்தின் அளவைப் பார்க்கப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையை விழுங்காமல் கையோடு எடுத்துப் போய், ரத்தம் எடுத்தபின் போடுங்கள். முன்னே போட்டால் அளவு பொய்யாக ஏறித் தெரியும். டாக்டர் டோஸைக் குறைத்துவிடுவார். கெமிஸ்ட் வேறு பிராண்டு கொடுத்தால் அளவை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இந்த மருந்தைப் பாதாளத்துக்கு இறக்கும். கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாட்டிக்), ஃப்ளூகோனசோல் (பூஞ்சை மருந்து), கிரேப்ஃப்ரூட் பழம் ஏற்றிவிடும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம்.

தைப்பூசம் வருவது டர்பன் கொதிக்கும் மாதத்தில். சைவ விரதத்தால் கெடுதல் இல்லை, தண்ணீர் குடிக்காமல் நடப்பதுதான் கெடுதல், கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய ரத்தக் கழிவு) ஏறிவிடும். அலகு குத்த வேண்டாம், கிருமி புகும். பால்குடத்தோடு நிறுத்தினால் முருகன் கோபிக்க மாட்டான்.

கிரியேட்டினினை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவாருங்கள். 80 மைக்ரோமோலாக இருந்த ஆணுக்கு 100 ஆனால் ரிப்போர்ட்டில் அளவு மீறியதாகக் குறி எதுவும் விழாது. ஆனால் கால் பங்கு கூடியிருக்கிறது. அன்றைக்கே கிளினிக்குக்கு போன் போடுங்கள்.