உன்னிச்செடியை வெட்டாதீர்கள், கவிழ்த்துப் போடுங்கள்

தாளவாடிப் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டின் மேல்கோடியில் ஒரு ஏக்கர் முழுக்க உன்னிச்செடிதான் (லண்டானா என்கிற முள்புதர்க் களை). மூன்று வருடம் வெட்டினோம், ஒருமுறை தீயும் வைத்தோம் (மகா முட்டாள்தனம்), ஒரு கிளைக்கு நாலு கிளை துளிர்த்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். துளிரெல்லாம் தண்டும் வேரும் சேருகிற இடத்திலிருந்துதான் வருகிறது, அதற்குக் கீழே ஆணிவேரை வெட்டினால் கதை முடிந்தது. டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு சொன்ன முறையும் இதுதான். குந்தாலியால் தூரைச் சுற்றி மண்ணைப் பறித்து, தரைக்கு மூன்று நாலு விரல் கீழே ஒரு வெட்டு, அப்படியே புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால் வேர் வெயிலில் சுள்ளியாகக் காய்ந்துவிடும். கையுறை இல்லாமல் போகாதீர்கள், முள் கீறி எனக்கு ஒரு வாரம் எரிந்தது.

காய் பழுக்கும் முன்பே செய்துவிட வேண்டும். நாங்கள் கறுத்த பழத்தோடு புதரை இழுத்துப் போனதில் வண்டித்தடம் நெடுக முளைத்துவிட்டது! கொண்டைக்குருவிகள் வேறு உசில மரத்தடியில் விதையை எச்சமிட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு மழைக்குப் பின்னும், மண் ஈரமாக இருக்கும்போதே, நாற்றைக் கையால் பிடுங்குகிறோம். சரி, சும்மா கிடக்கும் மண்ணில் மறுபடி அதுதானே வரும் என்று கொழுக்கட்டைப்புல் விதை தூவினேன். ஆவாரை தானாக வந்தது. இந்த வருடம் ஆடு அங்கேதான் மேய்கிறது.