பாதியில் நின்ற விண்டோஸ் 11: பழைய கம்ப்யூட்டரில் எங்கே பார்ப்பது

அப்கிரேடு ஓடி, ரீஸ்டார்ட் ஆகி, கடைசியில் விண்டோஸ் 10-ஏ திரும்ப வந்து நிற்கிறதா? ஃபைல்கள் அப்படியேதான் இருக்கும். ஆனால் உடனே மறுபடி அப்டேட்டை அழுத்தாதீர்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் பத்து முறை ஓட்டினாலும் அதே இடத்தில்தான் நிற்கும். ஏற்கெனவே நொந்துபோன ஹார்டு டிஸ்க்குக்கு அது கூடுதல் அடி.

முதலில் எரர் கோடு, அதாவது பிழை எண் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அப்டேட் ஹிஸ்டரி. கோடின் முன்னால் வரும் 0எக்ஸ்-ஐ விட்டுவிட்டுப் படித்தால் போதும். 80070070 என்றால் டிஸ்கில் இடம் இல்லை. சி1900208 என்றால் ஒத்துவராத சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது. சி1900200 என்றால் மெஷினே தகுதிக்குக் கீழே. சி1900101 என்றால் பெரும்பாலும் டிரைவர், அதாவது கருவிகளை விண்டோஸோடு பேசவைக்கும் சாஃப்ட்வேர். இந்தக் கடைசிக் கோடு சில இடங்களில் 20017, 30018 என்று ஒரு வாலோடு வரும். வாலின் முதல் எண்தான் முக்கியம்: 1 என்றால் ரீஸ்டார்ட் ஆகும் முன்பே நின்றது, 2 என்றால் நீல வட்டம் சுற்றும் இடைக்கட்டத்தில், 3 என்றால் புது விண்டோஸ் முதல்முறை எழும்போது, 4 என்றால் அதற்கடுத்த ரீஸ்டார்ட்டில். கோடே தெரியவில்லை என்றால் சி டிரைவில் விண்டோஸ், லாக்ஸ், செட்டப்டயாக் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அப்கிரேடு ஏன் தோற்றது என்பதை விண்டோஸே அங்கே எழுதி வைத்திருக்கும்.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடலூரில் மின்வாரியமும் புதுச்சேரியில் மின்துறையும் பராமரிப்பு மின்தடையை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். அந்த நாளில் தொடங்க வேண்டாம். ஹார்டு டிஸ்க் மெஷினில் அப்கிரேடு இரண்டு, மூன்று மணி நேரம்கூட இழுக்கும். பேட்டரி இறங்கிப்போன யுபிஎஸ்ஸை நம்பி, ஐப்பசி மழையில் இதை ஓட்டுவது சூதாட்டம்.

அடுத்தது உப்புக்காற்று. தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போலக் கடலை ஒட்டிய தெருக்களில் ஏசி இல்லாத அறையில் நாலைந்து வருடம் நின்ற மெஷின் என்றால், எதையும் இன்ஸ்டால் செய்யுமுன் மூடியைத் திறந்துவிடுங்கள். அன்றாட வேலையில் தொடாத ரேம் பகுதியையும் அப்கிரேடு தொடும். அதனால்தான் ‘இதுவரை நல்லாத்தானே ஓடிச்சு’ என்ற மெஷின் பாதியில் விழுகிறது. பவர் கேபிளைக் கழற்றி, ஆன் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். கிளிப்பைத் தள்ளினால் ரேம் தானே எழும்பும். தங்க நிறப் பற்களில் மங்கலோ கறுப்புப் படிவமோ தெரிந்தால் பென்சில் ரப்பரால், மேலிருந்து விளிம்பை நோக்கி, ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். துகளை வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படியும், பிரஷ்ஷால் தட்டுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஐந்து நிமிடம் காயவிட்டு, கிளிப் ‘டக்’கென்று விழும்வரை அழுத்துங்கள். அதன்பின் விண்டோஸிலேயே உள்ள ரேம் சோதனையான விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டிப் பாருங்கள். தவறு காட்டினால் ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே போட்டுச் சோதித்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும்.

மூடி திறந்திருக்கும்போதே மதர்போர்டிலுள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். புதியதில் 3 வோல்ட், 2.7-க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். இது செத்தால் தேதி பின்னுக்குப் போய் அப்டேட் சர்வரோடு இணைப்பே கிடைக்காது. அதைவிட மோசம், பயாஸ் (விண்டோஸுக்கு முன் எழும் மதர்போர்டின் சொந்த புரோகிராம்) பழைய அமைப்புக்குத் திரும்பி, டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை ஏஹெச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாறினால், டிஸ்க்கைத் தேடி நீலத்திரையில் நிற்கும்.

டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேர் போதும். கெட்டுப்போன இடங்களைக் கணக்கிடும் 05, சி5, சி6 என்ற வரிகளில் மூல மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 ஏறியிருந்தால் அப்கிரேடை மறந்து முதலில் பேக்கப் எடுங்கள், பிறகு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி-க்குக் குளோன் செய்யுங்கள் (டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பது). பழைய மெஷினுக்குப் பணம் போடுவதானால் முதல் செலவு இதுவாகத்தான் இருக்க வேண்டும். சி டிரைவில் 30 ஜிபியாவது காலி வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் சிக்கலில் பலரும் கிராபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகப்படுவார்கள். அச்சகம், டிடிபி கடைகளில் பாதி நேரம் குற்றவாளி டாங்கிள்தான். பழைய தமிழ் எழுத்துரு சாஃப்ட்வேருக்கும் கணக்கு சாஃப்ட்வேருக்கும் பூட்டாக வந்த அந்த யுஎஸ்பி துண்டின் டிரைவர், துண்டைப் பிடுங்கினாலும் உள்ளே இருந்துகொண்டு வழிமறிக்கும். டாங்கிளின் டிரைவரை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்து, அப்கிரேடு முடிந்தபின் புதிய பதிப்பைப் போடுங்கள். இன்னொரு நிறுவனத்தின் ஆன்டிவைரஸையும் முழுதாக நீக்குங்கள். டிசேபிள் செய்வது போதாது. கீபோர்டு, மவுஸ், மானிட்டர் தவிர பிரின்டர், ஸ்கேனர், வெப்கேம், ப்ளூடூத் துண்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓட்டுங்கள்.

மெஷின் தகுதிக்குக் கீழே என்று சொல்லும் சி1900200-க்கு இரண்டு வகை உண்டு. பிராசசர் இன்டெல் 8-ஆம் தலைமுறையோ ரைசன் 2000 வரிசையோ அதற்கு மேலோ என்றால் (ரைசன் 2200ஜி, 2400ஜி போன்றவை கணக்கில் சேராது), பெரும்பாலும் அமைப்புதான் தவறு. பயாஸில் பிடிடி (இன்டெல்) அல்லது எஃப்டிபிஎம்-ஐ (ரைசன்) ஆன் செய்தால், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு அம்சமான டிபிஎம் 2.0 வந்துவிடும். சரிபார்த்த சிஸ்டத்தை மட்டும் எழவிடும் செக்யூர் பூட் அம்சத்துக்குத்தான் வேலை அதிகம், ஏனென்றால் பல கடைகளில் டிஸ்க்கை எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில், லெகசி பூட் என்ற பழைய துவக்க முறையில் போட்டுக் கொடுத்திருப்பார்கள். பேக்கப் எடுத்து, பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) இருந்தால் நிறுத்திவைத்துவிட்டு, அட்மின் கமாண்ட் பிராம்ப்டில், டிஸ்க்கைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை வேலிடேட், அலோஃபுல்ஓஎஸ் என்ற இரண்டு ஸ்விட்சுகளோடு ஓட்டுங்கள். நம்மூரில் இது பெரும்பாலும் தோற்கும் இடம் ஒன்று: சி, டி, இ என்று பிரித்து வைக்கும் பழக்கம். சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி மூன்றும் பிரைமரியாகிவிட, இ லாஜிக்கலாக எக்ஸ்டெண்டட் பகுதிக்குள் போயிருக்கும். எக்ஸ்டெண்டட் இருந்தால் இந்தக் கருவி தொடாது. இ-யிலுள்ளதை வெளி டிஸ்க்குக்கு எடுத்து, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இ-யையும் எக்ஸ்டெண்டட் பகுதியையும் அழித்து, மறுபடி வேலிடேட். தேறினால் வேலிடேட் இருந்த இடத்தில் கன்வர்ட். முடிந்ததும் பயாஸில் பழைய துவக்க முறைக்கான சிஎஸ்எம்-ஐ அணைத்து, புதிய முறையான யுஇஎஃப்ஐ-க்கு மாற்றி, செக்யூர் பூட்டை ஆன் செய்யுங்கள். மாற்ற மறந்தால் பூட் ஆகாது. திரை கறுப்பாகவே நின்றால் பழைய கிராபிக்ஸ் கார்டு யுஇஎஃப்ஐ-க்கு ஒத்துவரவில்லை. பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால், கார்டைக் கழற்றி மதர்போர்டின் போர்ட்டில் மானிட்டரைச் செருகுங்கள்.

இரண்டாவது வகை, பிராசசரே பழையது. இன்டெல் 6, 7-ஆம் தலைமுறையில் டிபிஎம் 2.0 இருந்தாலும் சில விதிவிலக்குகள் தவிரப் பட்டியலில் இல்லை. விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் தந்திரத்தால் ஏற்றலாம், ஆனால் அடுத்தடுத்த அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பில் போடும் கடை மெஷினில் செய்யவே வேண்டாம். கோர் 2 டியோவில் தந்திரமும் பலிக்காது: 24ஹெச்2 பதிப்பிலிருந்து கேட்கும் பாப்கவுண்ட் என்ற பிராசசர் கட்டளை அதில் இல்லை, பூட் கூட ஆகாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 22ஹெச்2 பதிப்பு வைத்திருக்கும் வீட்டு மெஷினுக்கு விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இஎஸ்யு என்ற கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். இணையம், கடிதம், தமிழ்99 தட்டச்சு மட்டும்தான் என்றால் 4 ஜிபி ரேமில் லினக்ஸ் மின்ட் நிம்மதியாக ஓடும். டாங்கிள் சாஃப்ட்வேர் மட்டும் அதில் வராது.

அப்கிரேடு வெற்றியானால் பழைய விண்டோஸ் பத்து நாள் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரில் கிடக்கும். இடம் அடைக்கிறதே என்று அன்றே அழிக்காதீர்கள். ரசீது பிரின்டரில் ஒரு பில், டாங்கிள் சாஃப்ட்வேரில் பழைய ஃபைல் ஒன்று, ஸ்கேனரில் ஒரு பக்கம் என்று எல்லாம் ஓடிய பிறகு அழியுங்கள்.