தொப்பையை வம்சத்தின் கணக்கில் எழுதாதீர்கள்

ஈரோட்டில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் எனக்கு, புதிதாகச் சேர வரும் ஆண்களைப் பார்க்கும்போதெல்லாம் என் முப்பது வயதுதான் நினைவுக்கு வருகிறது. தொப்பையைக் குறைக்க நினைப்பவர்கள் கைவிட வேண்டியவற்றை இங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இனிப்பு, போண்டா, பரோட்டா ஆகியவற்றின் தீமை அவர்களுக்கே தெரியும் என்பதால் அவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

"எங்க ஒடம்பு வாகே இப்படித்தானுங்க"

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியே நான் பத்து ஆண்டுகளைத் தொலைத்தேன். இன்று பிறர் சொல்லக் கேட்டாலும் எரிச்சல் அடங்குவதில்லை. அப்பாவுக்குத் தொப்பை இருந்தது, ஆகவே எனக்கும் இருக்கிறது என்பதே என் வாதம். ஆனால், மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து கவலையில் தண்ணீர் இறைத்த அப்பாருக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, வயிறு ஒட்டியே கிடந்தது. கிணற்றில் மோட்டார் இறங்கி, நூல் கடைக் கல்லாவில் உட்கார்ந்த பிறகுதான் அப்பாவுக்குத் தொப்பை வந்தது என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1990இல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்றில், உருவொத்த இரட்டையரான 12 இணை இளைஞர்களுக்கு, வாரத்தில் 6 நாள், நாளொன்றுக்கு 1000 கலோரி கூடுதலாக ஊட்டியபோது, 100 நாளில் ஒருவருக்கு 4.3 கிலோவும் இன்னொருவருக்கு 13.3 கிலோவுமாக எடை ஏறியது. ஆயினும் ஒரே இணையைச் சேர்ந்த இருவருக்கு ஏற்றம் பெரும்பாலும் நெருங்கியே இருந்தது, வயிற்றின் உட்புறக் கொழுப்பில் அந்த ஒற்றுமை இன்னும் மிகுந்திருந்தது. எவ்வளவு எளிதில் சேரும், எங்கே சேரும் என்பதில் மரபணுவின் கை ஓங்கியிருக்கிறது. சேர்வதற்கான சோற்றைப் போட்டதோ தட்டுதான். 2007இல் உடற்பருமனோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட எஃப்.டி.ஓ. மரபணுவின் பாதக வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள்கூடச் சராசரியாக 3 கிலோதான் கூடுதலாக இருந்தார்கள். உடலுழைப்பு உள்ளவர்களிடம் அந்தப் பாதிப்பும் குறைகிறது. நான் சுமந்ததோ 18 கிலோ.

சிறுவயதிலேயே அடங்காப் பசியோடு பருத்தவர்களின் நிலை வேறு. அவர்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எடை மெஷினை மட்டும் நம்புவது

கைகால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளிய வாகு நம்மவர்களிடம் அதிகம் என்பதால், தொப்பை இருந்தாலும் மெஷினில் எடை இயல்பான அளவிலேயே இருக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ. என்பதே எல்லை.

பேண்ட் சைஸைச் சொல்வது

பேண்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது, அதன் சைஸ் வயிற்றின் சுற்றளவு ஆகாது.

வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்வது

தசை வலுப்படும். மேலிருக்கும் கொழுப்பு அங்கேயே இருக்கும்.

மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டுவது

முடிவு எதுவாக வந்தாலும் நான் எழுதித் தரும் அட்டவணை அதேதான்.